போனின் எஸ்ஏஆர் எண்: விதி சொல்வது என்ன, அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

இரண்டு போன்களின் எஸ்ஏஆர் அளவை, அதாவது போனின் ரேடியோ அலையை உடம்பு உறிஞ்சும் அளவை ஒப்பிட்டு, 0.8 இருப்பது 1.2 இருப்பதைவிடப் பாதுகாப்பானது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் அதற்காக எழுதப்பட்டதே இல்லை.

போன் டவரோடு தொடர்புகொள்ள ரேடியோ அலையை அனுப்புகிறது, உடம்பை ஒட்டி இருக்கும்போது அதில் ஒரு பங்கைத் திசு உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கிலோ திசுவுக்கு எத்தனை வாட் என்ற கணக்குதான் எஸ்ஏஆர். எக்ஸ்ரே மாதிரி டிஎன்ஏவை உடைக்கிற ஆற்றல் இந்த அலைக்குக் கிடையாது, உறுதியாக நிறுவப்பட்ட பாதிப்பு சூடேறுவதுதான். அதனால் வரம்புகளும் சூட்டை வைத்தே போடப்பட்டன. ஆய்வக விலங்குகளின் நடத்தை மாறத் தொடங்கியது உடல் முழுக்கச் சராசரியாகக் கிலோவுக்கு 4 வாட் அளவில். அதை 50ஆல் வகுத்து, பொதுமக்களுக்கு 0.08 வாட் என்று வைத்தார்கள்.

ஆனால் போன் ஒரே இடத்தைத்தானே சூடாக்கும், அதற்குத் தனி வரம்பு உண்டு. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1996இல் வைத்தது கிலோவுக்கு 1.6 வாட், எந்த 1 கிராம் திசுவை எடுத்தாலும் அதன் சராசரி இதைத் தாண்டக்கூடாது. இந்தியாவிலும் 2012 செப்டம்பர் 1 முதல் இதே அளவுதான். ஐரோப்பிய நாடுகளில் தலைக்கும் உடலுக்கும் 2 வாட், கை கால்களுக்கு 4 வாட், ஆனால் சராசரி எடுப்பது 10 கிராமுக்கு. இந்த கிராம் வித்தியாசத்தைக் கவனிக்காமல் 1.6ஐயும் 2ஐயும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. சிறு இடத்தில் குவியும் சூடு 10 கிராம் சராசரியில் கரைந்துவிடும், 1 கிராம் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

சரி, எப்படி அளக்கிறார்கள்? மனிதத் தலை வடிவ அச்சில் திசு போன்ற திரவத்தை ஊற்றி, போனை முழு சக்தியில் ஓடவிட்டு, உள்ளே ஒரு உணர்கருவியை நகர்த்திப் பார்க்கிறார்கள். கிடைக்கும் அளவுகளில் மிக அதிகமானதுதான் நாம் பார்க்கும் எண். நிஜத்தில் போன் முழு சக்தியில் ஓடுவது அரிது. டவர் நன்றாகக் கிடைத்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவதுபோல் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், லிஃப்ட்டுக்குள்ளோ ஓடும் ரயிலிலோ சிக்னல் தேய்ந்தால் கூட்டும். ஆகவே 1.2 எண் கொண்ட போனில் நல்ல சிக்னலில் பேசுகிறவர், 0.8 போனில் ஒற்றைக் கோடு சிக்னலில் பேசுகிறவரைவிடக் குறைவான அலையை உடம்பில் வாங்க வாய்ப்பு அதிகம்.

விதி வெறும் காகிதம் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை அமைப்பு ஐபோன் 12ஐக் கையில் பிடிக்கும் நிலையில் அளந்தபோது 5.74 வாட் வந்தது, வரம்போ 4. விற்பனையை நிறுத்தினார்கள், ஆப்பிள் மென்பொருளைத் திருத்தித் தர வேண்டியிருந்தது. சந்தைக்கு வந்த பிறகும் திரும்ப எடுத்துச் சோதிக்கிற இந்தப் பழக்கம் எல்லா நாட்டிலும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புற்றுநோய்க் கேள்வி வேறு. 2011இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவான ஐஏஆர்சி இந்த அலைகளை 2பி பிரிவில், அதாவது ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது. சான்று குறைவாக இருந்தும் முழுதாகத் தள்ளிவிட முடியாதபோது போடும் பிரிவு அது.

உங்கள் போனின் எண் கையேட்டிலோ அமைப்புகளிலோ இருக்கும், பல போன்களில் *#07# அழுத்தினாலே வரும். பக்கத்திலேயே, உடம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் சோதித்தார்கள் என்றும் போட்டிருப்பார்கள், அதைக் கட்டாயம் படியுங்கள். தூரம் கூடக்கூட உடம்பு வாங்குவது வேகமாகக் குறைகிறது, அதனால் ஸ்பீக்கரோ இயர்போனோ போதும். அப்புறம், கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கும் ஸ்டிக்கர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்: அவை ஆன்டெனாவை மறைத்தால் போன் சக்தியைக் கூட்டத்தான் செய்யும்.