சால்மன் மீன் கடலைக் காட்டுக்குள் கொண்டுசேர்ப்பது எப்படி?

பசிபிக் சால்மன் தன் எடையில் பெரும்பகுதியைக் கடலில்தான் ஏற்றிக்கொள்கிறது. முட்டையிட, தான் பிறந்த ஓடைக்கே திரும்பி, அங்கேயே இறந்துபோகிறது. அந்த உடலோடு கடலின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மலையேறுகின்றன. கரடிகள் மீனைக் கரைக்கு இழுத்துச் சென்று பாதி தின்றுவிட்டுப் போடுகின்றன. மிச்சம் மண்ணுக்கு உரமாகிறது. கடலில் நைட்ரஜன்-15 என்னும் கனமான வகை அதிகம். ஓடைக்கரை மரங்களின் இலைகளில் அதை அளந்துதான் மீன் வழியாக வந்த பங்கைக் கணிக்கிறார்கள். அழுகும் உடல்களைப் பூச்சிகளும் அடுத்த தலைமுறைக் குஞ்சுகளும்கூடத் தின்கின்றன.

இந்தச் சங்கிலி அறுந்துபோகும் ஓர் இடம், ஓடையின் அடியிலுள்ள கூழாங்கற்கள். பெண் மீன் வாலால் குழி பறித்து, முட்டையிட்டு, கற்களால் மூடுகிறது. கற்களின் இடுக்கு வழியே குளிர்ந்த நீர் ஓடினால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். கரையில் மரம் வெட்டப்பட்டால் வண்டல் இறங்கி இடுக்குகளை அடைக்கும், முட்டைகள் மூச்சுத் திணறும். அணையோ கற்களையே பிடித்துவைத்துக்கொள்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 1913-இல் மீன் ஏறிச்செல்ல வழி விடாமலே அணை கட்டினார்கள், 1927-இல் இன்னொன்று. 2011 முதல் 2014 வரை இரண்டையும் படிப்படியாக இடித்தார்கள். தேங்கியிருந்த சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் ஒரே நேரத்தில் இறங்கிவிடக் கூடாது என்பதால், மீன் வலசை வரும் பருவங்களில் வேலையை நிறுத்தினார்கள். அந்த வண்டலே ஆற்றுமுகத்தில் புதிய கடற்கரையை உருவாக்கியது. மீன்களும் மேலே ஏறின.

அணையைவிடக் கண்ணில் படாத தடை, சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய். ஓடையைவிடக் குறுகலாக இருந்தால் உள்ளே நீர் வேகமெடுக்கும். வெளிவரும் இடத்தில் மண் அரித்துப் படி விழும். குஞ்சுகளால் அதைத் தாண்ட முடியாது. வாஷிங்டனில் பின்பற்றப்படும் ஒரு வடிவமைப்பு முறையில், ஓடை கரை நிரம்ப ஓடும்போதுள்ள அகலத்தின் 1.2 மடங்குடன் 2 அடி கூட்டிக் குழாயின் அகலத்தை வைத்து, உள்ளே ஓடையின் கற்களையே பரப்ப வேண்டும்.

சாலையிலிருந்து வழியும் மழைநீரும் கொல்லும். டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்னும் வேதிப்பொருள், ஓசோனோடு வினைபுரிந்து உண்டாக்கும் 6பிபிடி-குயினோன் என்னும் நஞ்சு, கோஹோ என்னும் வகைச் சால்மனைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடுகிறது. சம் என்னும் இன்னொரு வகைச் சால்மனுக்கோ அந்தப் பாதிப்பில்லை. ஒரே வகை மீனை வைத்து நீரைச் சோதித்தால் போதாது என்பதற்கு இதுவே சான்று. அந்த நீரை மணலும் மட்கும் கலந்த படுகை வழியே வடித்துவிட்டாலே நஞ்சு பெருமளவு குறைகிறது.