உபரி அல்ல, துணை

"உபரி ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளவும்." ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு நீருக்கடியில் மூழ்குவதற்கான மீட்புப் பயிற்சியின் தமிழ்க் குறிப்புகளில் இந்த வரியைப் பலமுறை படித்துவிட்டேன். இங்கே 'உபரி' தவறு. ஆபத்து என்றே சொல்வேன்.

ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றை மூச்சு வாங்க வாய்க்குத் தரும் கருவி. கூட வருபவருக்குக் காற்று தீர்ந்துபோனால் பகிர்ந்துகொள்ள வைத்திருக்கும் இரண்டாவது ரெகுலேட்டர் இது. ஆங்கிலப் பெயர் ஆக்டோபஸ். கிரேக்கத்தில் 'எட்டுக் கால்'. சிலிண்டர் தலையிலிருந்து நாலாபுறமும் குழாய்கள் நீள்வதால் வந்த பெயர். இதைச் சிலர் 'எண்காலி' ஆக்கினார்கள். அதில் குழாயின் தோற்றம்தான் இருக்கிறது, வேலை இல்லை.

உபரி இன்னும் மோசம். 'மேலே' என்ற பொருளுள்ள வடசொல் அது. தமிழில் நாம் எங்கே சொல்கிறோம்? அணை நிரம்பினால் உபரி நீர் திறக்கிறார்கள், வரவு மிஞ்சினால் உபரி பட்ஜெட். தேவை போக மிஞ்சியதுதான் உபரி. ஒற்றைச் சிலிண்டரில் மிஞ்சிய காற்று எங்கே இருக்கிறது? இரண்டு ரெகுலேட்டரும் அதே சிலிண்டரிலிருந்துதான் இழுக்கின்றன. இரண்டு பேர் சுவாசித்தால் காற்று வேகமாகக் குறையும், உடனே மேலேறத் தொடங்க வேண்டும். 'உபரி' என்று படித்தவருக்கு அந்த அவசரம் எப்படி உறைக்கும்?

இன்னொரு சிக்கலை நானே அனுபவித்தேன். பயிற்சியில் என் இணை நீண்ட குழாய் அமைப்பில் இருந்தார். கழுத்தை அறுப்பதுபோல் கையசைத்து, காற்று இல்லை என்று சைகை செய்தேன். குறிப்பில் படித்தபடி அவருடைய வலப்பக்க விலாவில் மஞ்சள் ரெகுலேட்டரைத் தேடினேன். அங்கே ஒன்றுமே இல்லை. அவர் தன் வாயில் இருந்ததையே கழற்றி என்னிடம் நீட்டினார். குழாய் இரண்டு மீட்டர் இருக்கும். மோவாய்க்குக் கீழே ரப்பர் கயிற்றில் தொங்கியதைத் தான் கடித்துக்கொண்டார். அதாவது, 'உபரி' கொடுத்தவரிடமே தங்கிவிட்டது! சைட்மவுண்ட் என்ற இன்னொரு அமைப்பில் உடம்பின் இருபுறமும் சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர். அங்கே எதை உபரி என்பது? மீட்கப் போகிறவர், ஆபத்தில் இருப்பவர் எந்த அமைப்பை மாட்டியிருக்கிறாரோ அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். சொல்லும் எல்லா அமைப்புக்கும் பொருந்த வேண்டும்.

அதனால் நான் 'துணை மூச்சுவாய்' என்கிறேன். வாயில் கடித்து மூச்சு வாங்கும் பகுதி மூச்சுவாய். துணை என்பது மிச்சம் அல்ல, கூடவே இருப்பது. "துணைக்கு வா" என்று கூப்பிடுகிறோமே, அந்தத் துணை. அதை அடுத்தவர் கடித்தாலும் சரி, கொடுத்தவரே கடித்தாலும் சரி, பெயர் பொய்யாகாது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் கருவியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பார்த்திருந்தால் முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டரை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதியிருக்க மாட்டார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று, ஆக்சிஜன் 21 சதவீதம்தான். உண்மையான ஆக்சிஜன் சிலிண்டர் முதலுதவிக்காகப் படகில் தனியாக இருக்கும். மூச்சு நின்றவரைப் படகில் ஏற்றிவிட்டு "ஆக்சிஜன் சிலிண்டரை எடு" என்று கத்தும்போது, எதை எடுப்பது என்று ஒருவர்கூடத் தயங்கக் கூடாது.