மருந்தளவை ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்லாதீர்கள்

அப்பா, அம்மா இருவருக்கும் பார்வை கிடையாது. மூத்தவள் ஒன்றாம் வகுப்பு. இளையவனுக்கு எட்டு மாதம், எட்டு கிலோ எடை, மூன்று நாளாகக் காய்ச்சல். வேறொரு இடத்தில் காட்டி, பாராசிட்டமால் சிரப் வாங்கிக் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்று மருத்துவரான என்னிடம் வந்தார்கள். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப். அதில் 2 மில்லி கொடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருக்கிறது. அம்மா கொடுத்தது 4 மில்லி. ஏனென்றால் முன்பு வீட்டில் இருந்தது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டில், அதற்கு 4 மில்லிதான் அளவு. இரண்டு பாட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே மூடி. தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மருந்துக்கடையில் அளவு மாறியதைச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம். "பாப்பா, இது ரெண்டு எம்எல், அம்மாகிட்ட சொல்லிடு." பாப்பா வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிட்டாள். ஆறு வயதில் மறக்காமல் வேறென்ன செய்வாள்?

இரண்டு வேளையோடு வந்துவிட்டதால் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளியே காத்திருந்த ஒருவர், அந்த அம்மாவின் காதில் விழும்படியே, "கண்ணு தெரியாதவங்க எதுக்குக் குழந்தை பெத்துக்கணும்" என்றார். இதை நான் கேட்பது முதல் முறை இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் குழம்பி, 125க்கும் 250க்கும் குழம்பி என்னிடம் வருபவர்களில் நன்றாகக் கண் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து அதை 5 மில்லி ஊற்றிய பட்டதாரி அப்பாக்கள் உண்டு. அப்போது யாரும் "கண்ணு தெரிஞ்சவங்க எதுக்குக் குழந்தை பெத்துக்கணும்" என்று கேட்பதில்லை.

எனக்கு அதிக எரிச்சல் தருவது இந்தக் கேள்விகூட இல்லை. இரக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு வாசகம்: "கவலைப்படாதீங்கம்மா, இனி உங்க பொண்ணுதான் உங்களுக்குக் கண்ணு." பிரசவ வார்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பாட்டி சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்கிறார். வாழ்த்து என்றே நினைத்துச் சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெற்றோர் பிள்ளை பிறப்பதற்கு முன்பு எப்படி வாழ்ந்தார்கள்? ஸ்டிக் பிடித்து நடந்தார்கள், வேலைக்குப் போனார்கள், சமைத்தார்கள், போன் பேசினார்கள், இரண்டு பேருந்து மாறினார்கள். பிள்ளை பிறந்த மறுநாள் அதெல்லாம் மறந்துபோகுமா? பிள்ளையைக் கண்ணாக்குவது நாம்தான். அப்பா ரோட்டோரம் நின்று வழி கேட்டால் பதிலை நான்கு வயதுப் பையனைப் பார்த்துச் சொல்கிறோம். அம்மா நீட்டிய பணத்துக்கு மீதியைப் பெண்ணின் கையில் கொடுக்கிறோம். வங்கியில், தாலுகா ஆபீசில், ரேஷன் கடையில், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு, இடுப்பு உயரம் இருக்கும் பிள்ளையிடம் பேசுகிறோம். அம்மா அப்பாவைத் தாண்டி ஊரே தன்னிடம் பேசுகிறது என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? இவர்களைக் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் புரியும். எட்டு வயதில் கிளாஸ் டெஸ்ட் மார்க்கை மாற்றிச் சொல்வான். அப்போது, "பாவம், கண்ணு தெரியாததால ஏமாத்துறான்" என்பீர்கள். அடித்தளம் போட்டது நீங்கள்தானே.

கூட வரும் பிள்ளை பேருந்து எண்ணைப் படித்துச் சொல்வதில் தப்பில்லை. எந்த வீட்டிலும் பிள்ளைகள் கைவேலை செய்கிறார்கள். ஆனால் தாலுகா ஆபீசுக்குத் துணை போக ஸ்கூலுக்கு லீவு போட்டால் அது தப்பு. இதைப் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, அவர்கள் எப்படித்தான் வளர்க்கிறார்கள்?

நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல் ஒழுங்கோடு. குழந்தையை எங்கே படுக்க வைத்தோம், கத்தி எங்கே இருக்கிறது, வெந்நீர் எந்தப் பக்கம் என்பதை அவர்கள் மறப்பதில்லை, மறந்தால் கட்டுப்படியாகாது. நம் ஊர்க் கொலுசு இருக்கிறதே, சலங்கை வைத்தது, அழகுக்கு என்று நாம் போடுகிறோம். அவர்களுக்கு அதுதான் பிள்ளை எந்த அறையில் இருக்கிறது என்று சொல்வது. சத்தம் நின்றால் எழுந்து போய்விடுவார்கள். குழந்தை தவழ ஆரம்பிப்பதற்கு முன்பு, தாங்களே தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் துழாவிக்கொண்டே போய் பட்டன், பேட்டரி, கடலை எல்லாவற்றையும் பொறுக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். சோறூட்டும்போது இடது கை விரல் ஒன்று குழந்தையின் தாடையில் இருக்கும், கவளம் அந்த விரலைத் தேடி வரும். வெளியே போகும்போது குழந்தையை உடம்போடு கட்டிக்கொண்டால் ஸ்டிக் பிடிக்க ஒரு கை கிடைக்கும். தள்ளுவண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆபத்து. குழியில் முதலில் விழுவது வண்டி.

பிள்ளைகளும் பழகிக்கொள்கிறார்கள். மற்ற குழந்தைகள் பொம்மையை விரலால் சுட்டும் வயதில், இவர்கள் அம்மாவின் கையை இழுத்துப் பொம்மையின் மேல் வைப்பார்கள். கண்ணோடு கண் பார்க்காத தாயிடம் வளர்ந்தால் பேச்சு வராது, ஆட்டிசம் மாதிரி ஆகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். லண்டன் பர்க்பெக் கல்லூரி ஆய்வாளர்கள், பார்வையற்ற பெற்றோரிடம் வளரும் பார்வையுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் எழுதினார்கள். பேச்சிலும் பழகும் விதத்திலும் எந்தக் குறையும் இல்லை. ஐந்தே குழந்தைகள்தான், அதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் பயமுறுத்துகிறவர்கள் கையில் அந்த ஐந்துகூட இல்லை.

காய்ச்சலும் சளியும் வந்தால்? பேசும் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. நிமோனியாவா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் செய்வது மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல் இருக்கும்போது வயிற்றில் உள்ளங்கையை வைத்து, போனில் ஒரு நிமிட டைமர் போட்டு எண்ணலாம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. இதற்குக் கண் வேண்டாம். ஒரு நாளில் எத்தனை முறை ஈரம் மாற்றினோம், உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா என்பதற்கும் வேண்டாம்.

கண் வேண்டிய இடங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை தொட்டால் தெரியாது. பிறந்த முதல் வாரத்தில் பகல் வெளிச்சத்தில் நம்பிக்கையான ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். மலம் வெளுத்துப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், வெளுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். தோலில் தடிப்பு, புண்ணில் சீழ் இவற்றையும் அப்படியே. கிராம சுகாதார செவிலியர் வரும்போது தயங்காமல் கேளுங்கள், அது அவர் வேலை. சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் பி மை ஐஸ் போன்ற செயலியில் வீடியோ அழைப்பில் ஒரு தன்னார்வலர் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். சந்தேகம் என்றால் அதோடு நிற்காமல் நேரில் வாருங்கள்.

அப்புறம் பிள்ளையின் கண். பிறந்த சில வாரங்களுக்குள் ஒரு முறை, பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை கட்டாயம் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மாறுகண் இருந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. பார்க்கிற உறவினரோ "அதிர்ஷ்டக் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏழெட்டு வயது தாண்டிவிட்டால் அந்தக் கண்ணின் பார்வையை மீட்பது கஷ்டம். அம்மை, வைட்டமின் ஏ குறைவு, அடிபட்டது போன்றவற்றால் பார்வை போயிருந்தால் அது பிள்ளைக்கு வராது. விழித்திரை நோய்கள் சில பரம்பரையாக வரலாம், அதிலும் தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் வாய்ப்பு கூடும். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் கண் புற்றுநோய் இருந்திருந்தால் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

உறவினர்களுக்கு: பிள்ளையை "கொஞ்ச நாள் நாங்க வளர்க்கிறோம்" என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2010இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பெற்றோர் இருவருக்கும் பார்வை இல்லை என்பதற்காகவே பிறந்து இரண்டு நாளான குழந்தையை அரசு எடுத்துச் சென்றது. 57 நாள் கழித்துத்தான் திரும்பக் கொடுத்தார்கள். அங்கே அரசு செய்ததை இங்கே பாசத்தின் பேரில் மாமியார் வீடு செய்கிறது. பெற்றோரின் ஊனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இலேயே ஏற்றுக்கொண்டது. "ஒண்ணு போதும், ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று அவர்களைக் கேட்காமல் முடிவு செய்யும் பெரியவர்களுக்கும் சில டாக்டர்களுக்கும்: அவர்கள் சம்மதமில்லாமல் கருத்தடை செய்யக் கூடாது என்று சொல்லும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படியுங்கள். பார்வையற்றவரை மணப்பவருக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. கல்யாணம் பண்ணச் சொல்லிவிட்டுப் பிள்ளை பெறாதே என்றால் என்ன நியாயம்?

மருந்துக்கடைக்காரர்களுக்கும் எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும்: அம்மாவிடம் பேசுங்கள். அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, சரியான அளவுக்குப் பிஸ்டனை இழுத்து, சிரிஞ்ச் குழாயின் விளிம்பை ஒட்டித் தண்டில் பிளேடால் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுங்கள். அடுத்த முறை நகத்தில் வெட்டு தட்டும் வரை இழுத்தால் போதும். மருந்தின் வீரியம் மாறினால் பழைய சிரிஞ்சை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டிக் கொடுங்கள். பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்ட் என்றால் காய்ச்சல் மருந்து, இரண்டு என்றால் சளி மருந்து. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிட வேலை.

ஆசிரியர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். டைரியில் எழுதி அனுப்பினால் அதைப் படிப்பது யார்? திட்டு வாங்க வேண்டிய அதே பிள்ளைதான். வாட்ஸ்அப் குழுவில் நோட்டீசைப் போட்டோ எடுத்துப் போட்டால் போன் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் பெரும்பாலும் "படம்" என்று சொல்வதோடு நின்றுவிடும். நாலு வரியாகத் தட்டச்சு செய்து போடுங்கள், அல்லது குரல் பதிவு அனுப்புங்கள். குட்மார்னிங் படங்களை மட்டும் அப்படி மாற்றி அனுப்ப வேண்டாம், அவை யாருக்குமே தேவையில்லை.