கடலுக்குப் போய் வந்த லென்ஸ்

கிருஷ்ணகிரியில் கேமரா சர்வீஸ் செய்கிறேன். குளிர்காலம் முடியும்போது என் மேசைக்கு உப்பும் மணலும் வந்துசேரும். போன மாதம் தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி 150-600 மி.மீ. ஜூம் லென்ஸோடு வந்தார் (எண் ஏற ஏறத் தூரத்துப் பறவை நெருங்கித் தெரியும்). "அண்ணா, ஜூமைத் திருப்பினா கரகரங்குது." ராமேஸ்வரம் தீவில் இரண்டு நாள் கடற்பறவை எடுத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தேன். ரிங் இடுக்கில் தனுஷ்கோடி மணல், கேமராவோடு பொருந்தும் மவுண்டின் திருகுகளில் துருவின் ஆரம்பம்.

அதைவிட அவருக்கு வருத்தம், படங்கள் தேறவில்லை என்பது. பாதியில் வெறும் வானம், மீதியில் அரை இறக்கை. "600 இருந்தும் ஏன்ணா?"

600 இருந்ததால்தான். ஆடுகிற படகில் அவ்வளவு குறுகிய கோணத்தில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது கடந்துவிடும். எடையும் இரண்டு கிலோவை நெருங்கும். பத்து நிமிடத்தில் கை நடுங்கும். படகில் டிரைபாட் வைத்தால் இன்ஜின் அதிர்வு அப்படியே கால் வழியாக ஏறும்.

என்னைக் கேட்டால் படகுக்கு 100-400. ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் கேமராவில் அதன் 400, பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமின் 600 அளவுக்கு நெருக்கிக் காட்டும். பட்ஜெட் இல்லையா, 70-300 போதும். மீன் படகின் பின்னாலேயே வரும் கடற்காகங்கள் அவ்வளவு கிட்ட வரும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டுதான் மிஞ்சும். அந்தப் பொட்டு 300-லேயே தெளிவாக விழும்.

தனுஷ்கோடியில் தூரத்து ஆழமில்லாத நீரில் நிற்கும் பூநாரைகள் வேறு கதை. அங்கே தரையில் நின்று 600 பிடிக்கலாம். ஆனால் விடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் கானல் நெளியும், எந்த விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. கிட்டப் போகலாம் என்று நடந்தால் கூட்டமே எழுந்துவிடும்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி நெருக்கத்தை இரட்டிப்பாக்கும் 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும், அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைந்துவிடும். பல கேமராக்களில் ஃபோகஸ் தடுமாறும். அந்தக் காசுக்கு, கிளம்பும் முன் நல்ல லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.

லென்ஸிலுள்ள ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், இறக்கையை அல்ல. ஆலா என்ற கடற்பறவை தலைகீழாகப் பாயும்போது ஷட்டர் 1/2000 நொடியைவிட மெதுவாக வேண்டாம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

சரி, உப்புக்கு வருவோம். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். சாயங்காலம் அறைக்கு வந்ததும் முதலில் காற்றடிக்கும் புளோயரால் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தை ஒற்றியெடுங்கள். பலர் சட்டை நுனியால் கண்ணாடியைத் தேய்க்கிறார்கள். உப்புத்தூள் அதன் பூச்சைக் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் வியர்க்கும். ஊருக்குத் திரும்பியதும் ஈரப்பையோடு பீரோவில் பூட்டினால் பங்கஸ் வரும்.

அப்புறம், கைப்பழக்கம். நம் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையில் மீன் கடைகளுக்கு மேலே பருந்துகள் வட்டமடிக்கும், நீர்க்காகங்களும் உண்டு. தம்பியை அங்கேதான் அனுப்பினேன், 70-300 ஒன்றைக் கையில் கொடுத்து. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் அனுப்பினார். பருந்து முழுசாக இருந்தது, காலில் பொரித்த மீன் துண்டோடு.