பழைய முகவரியை உலகம் எப்போது மறக்கும்?

பரந்தன் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி, ஏ9 வீதியோரம் எனக்குத் தெரிந்த ஒருவரின் கடை இருக்கிறது. பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், மொட்டைக்கறுப்பன் அரிசி என்று வன்னிச் சாமான்கள். வாசலால் வருகிறவர்கள் அளவுக்கு அவருடைய இணையத்தளத்தாலும் ஆட்கள் வருகிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கே காசைக் கட்ட, விசுவமடுவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற தாய் தகப்பன் வீட்டு வாசலில் அரிசி மூட்டை இறங்கும்.

2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை ஏறியபோது, டொலரில் கட்டவேண்டிய ஹோஸ்டிங் கட்டணம், அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருப்பதற்கான வாடகை, அந்தக் கடைக்குப் பெரிய சுமையாகிவிட்டது. "தம்பி, இதை வேற இடத்துக்கு மாத்தித் தாரும்" என்றார் அண்ணை. மாற்றினேன். கோப்புகளைப் பிரதி எடுத்துப் புதிய சேர்வரில் ஏற்ற இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. என் போனில் தளம் நன்றாகத் திறந்தது. அன்று பின்னேரம் அண்ணை அழைத்தார்.

"ரொறன்ரோவில இருந்து தங்கச்சி எடுத்தவள். பழைய விலைதான் நிக்குதாம். நான் பாக்கேக்க புது விலை நிக்குது. இப்ப எங்களுக்கு ரெண்டு தளமோ தம்பி?"

ஓம், இரண்டு தளம்தான். அவர் கேட்ட கேள்வி மிகச் சரியானது. அது ஏன் அப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், ஒரு தளத்தை இடம் மாற்றுவதில் கடினமான பகுதி எது என்பதும் விளங்கிவிடும்.

ஒரு கடையின் தளம் என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பெயர், அதாவது டொமைன். மற்றது படங்களும் விலைகளும் ஓடர்களும் இருக்கிற கணினி, அதாவது சேர்வர். கணினிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிப்பதில்லை. ஐ.பி. என்கிற எண்ணால்தான் கண்டுபிடிக்கின்றன. 0 முதல் 255 வரையான நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதுவது அதன் பழைய வடிவம். அதில் மொத்தம் 430 கோடி அளவான முகவரிகள்தான் உண்டு. ஹோஸ்டிங்கை மாற்றும்போது பெயர் அப்படியே இருக்கும், எண் மாறும். ஆகவே உலகத்தில் எவரெவர் அந்தப் பெயருக்குப் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கிறார்களோ, அவர்கள் எல்லோரும் பழைய வாசலுக்குத்தான் போவார்கள்.

வன்னியில் முகவரி மாறாத வீடு குறைவு. ஊர்விட்டு ஊர் போன காலத்தில், நாங்கள் விட்டுவந்த வளவின் பெயருக்கே கடிதங்கள் வந்துகொண்டிருந்ததை நினைவு வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். கடிதம் எழுதியவரின் பிழை அல்ல அது. அவரிடம் இருந்த முகவரி அதுதான்.

இணையத்தின் ஆரம்ப காலத்தில் இந்தப் பெயர்-எண் பட்டியல் முழுவதும் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. கலிபோர்னியாவில், ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைக் கையால் பராமரித்தது. மற்றக் கணினிகள் அதை அவ்வப்போது இறக்கிக்கொள்ளும். வலைப்பின்னல் வளர வளர அந்த முறை தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரியவரே வைத்திருக்கும் முறையை வடிவமைத்தார். அதுதான் இன்றுவரை நாம் பாவிக்கிற டி.என்.எஸ்.

ரொறன்ரோவில் தங்கச்சி கடையின் பெயரைத் தட்டும்போது நடப்பது இது. அவருடைய இணைய நிறுவனத்தின் தேடற்கணினி முதலில் உச்சியில் இருக்கும் வேர்ச் சேர்வர் ஒன்றிடம் கேட்கும். அவற்றுக்கு 13 பெயர்கள்; பிரதிகளோ உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேல். பெயர் டொட் எல்.கே. என்று முடிந்தால், "எனக்குத் தெரியாது, இலங்கைப் பதிவகத்தைக் கேள்" என்று பதில் வரும். பதிவகம், "அந்தக் கடையின் பெயர்ப் பட்டியலை இன்ன பெயர்ச்சேர்வர் வைத்திருக்கிறது" என்று கைகாட்டும். அந்தப் பெயர்ச்சேர்வர்தான் கடைசியில் எண்ணைச் சொல்லும். முறிகண்டியில் இறங்கி ஒரு வீட்டைத் தேடுகிறவர் கடையில் கேட்டு, கடைக்காரர் கிராம சேவகரிடம் அனுப்பி, அவர் வேலிக்கரையில் நின்று வீட்டைக் காட்டுகிற மாதிரி.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் நடந்தால் உலகம் ஓடாது. ஆகவே தேடற்கணினி கிடைத்த பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதைப் பதிலோடு சேர்த்தே பெயர்ச்சேர்வர் சொல்லிவிடும். அந்த எண்ணுக்குப் பெயர் ரி.ரி.எல். செக்கன்களில் எழுதப்படும். 3,600 என்றால் ஒரு மணித்தியாலம், 86,400 என்றால் ஒரு முழு நாள். அந்த நேரம் முடியும்வரை தேடற்கணினி திரும்பக் கேட்காது. நாம் எண்ணை மாற்றியிருப்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

இதைப் "புதிய முகவரி உலகமெங்கும் பரவ 48 மணித்தியாலம் எடுக்கும்" என்று சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. பழைய நினைவு ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் காலாவதியாகிறது, அவ்வளவுதான். யார் எப்போது கடைசியாகக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் மறக்கும், இன்னொருவருக்கு 23 மணித்தியாலத்தில் மறக்கும். அண்ணையின் தளத்துக்கு ரி.ரி.எல். 86,400 என்று போடப்பட்டிருந்தது. ரொறன்ரோவில் யாரோ ஒருவர் நான் மாற்றுவதற்குச் சற்று முன்னர் தளத்தைத் திறந்திருக்க வேண்டும். அதே இணைய நிறுவனத்தைப் பாவிக்கும் தங்கச்சிக்கும் அந்தப் பழைய பதில்தான் கிடைத்தது.

இது பரவல் அல்ல, மறதி என்று விளங்கியவுடன் செய்யவேண்டிய வேலையும் தெளிவாகிவிடுகிறது. மாற்றுவதற்கு இரண்டு நாள் முதல் ரி.ரி.எல்.லை 300 ஆக்கிவிட வேண்டும். அதாவது ஐந்து நிமிடம். அப்புறம் கட்டாயம் ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். ஏனென்றால் நான் குறைப்பதற்கு ஒரு நிமிடம் முதல் கேட்டவரிடம் பழைய 86,400தான் இருக்கும். அந்த நாள் கழிந்த பிறகு உலகத்தில் அநேகமாக எவரும் அந்த எண்ணை ஐந்து நிமிடத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அப்போது மாற்றினால் அநேகமாக எல்லோரும் ஒரு கோப்பித் தண்ணி குடித்து முடிப்பதற்குள் புது வாசலுக்கு வந்துவிடுவார்கள். தளம் ஒழுங்காக ஓடுகிறது என்று ஓரிரு நாளில் உறுதியானதும் ரி.ரி.எல்.லைத் திரும்பக் கூட்டிவிடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் பலர் அகப்படுகிறார்கள். எண்ணை மட்டும் மாற்றாமல் பெயர்ச்சேர்வரையே மாற்றினால், மேலே இருக்கும் பதிவகத்தின் ரி.ரி.எல். நம் கையில் இல்லை. டொட் கொம் பெயர்களுக்கு அங்கே 1,72,800 செக்கன், சரியாக இரண்டு நாள். அந்த 48 மணித்தியாலக் கதைக்கு இதுவும் ஒரு காரணம். முடிந்தால் பெயர்ச்சேர்வரைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றுவதே நல்லது.

புது வீட்டை அறிவிப்பதற்கு முதல் உள்ளே போய்ப் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது. 1983க்கு முந்திய அந்தப் பழைய கோப்பின் மிச்சம் இன்றும் நம் ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கிறது. அதன் பெயர் ஹோஸ்ட்ஸ். கணினி வழக்கமாக டி.என்.எஸ்.சைக் கேட்பதற்கு முதல் இதைத்தான் பார்க்கும். அதில் ஒரு வரி எழுதிவிட்டால், உலகம் முழுவதும் பழைய தளத்தைப் பார்க்கும்போது நம் கணினி மட்டும் அதே பெயரில் புதிய தளத்தைத் திறக்கும். வேலை முடிந்ததும் அந்த வரியை அழிக்க மறந்துவிடக் கூடாது.

அப்படித் திறந்து பார்த்தபோதுதான் நான் பயந்தேன். பனங்கட்டி என்ற சொல் இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் அடைத்த ஆர் எழுத்தும் வரிசையாக நின்றன. தமிழ்த் தளம் இடம் மாற்றிய பலர் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும்.

கணினி எழுத்துகளை பைட் என்ற சிறு எண்களாகத்தான் சேமிக்கிறது. இன்று எங்கும் பாவிக்கிற யூ.ரி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. அதிலும் புள்ளி, விசிறி போன்றவை தனித்தனியாக எண்ணப்படும். ப, ன, ங, புள்ளி, க, ட, புள்ளி, ட, விசிறி என்று பனங்கட்டிக்கு ஒன்பது. ஒன்பதை மூன்றால் பெருக்க 27 பைட். இந்த மூன்றில் முதலாவது எப்போதும் ஒரே எண், இரண்டாவது இரண்டே இரண்டு எண்களில் ஒன்று. பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையில் அந்த முதல் எண்ணுக்குரிய எழுத்துதான் சாய்கோடு போட்ட ஏ. இரண்டாவதுக்குப் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர். அதாவது எழுத்துகள் அழியவில்லை, வேறு கண்ணாடி போட்டு வாசிக்கப்படுகின்றன.

தரவுகளைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் மென்பொருளைச் சுவீடனில் உருவாக்கினார்கள். ஆகவே நெடுங்காலம், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, அதன் இயல்பான எழுத்து முறை அந்த மேற்கு ஐரோப்பிய முறையாகவும், எழுத்து வரிசை சுவீடிய மொழிக்குரியதாகவுமே இருந்தன. அண்ணையின் பழைய சேர்வரில் தமிழ் அந்தச் சுவீடியப் பெட்டிக்குள்தான் இவ்வளவு நாளும் இருந்தது. வைத்தவனும் எடுத்தவனும் ஒரே சேர்வர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. புது இடத்தில் பெட்டியின் பெயரை நம்பி மாற்றிப் படித்தபோது குழம்பியது. பழைய பெட்டியிலிருந்து எந்த மாற்றமும் செய்யாமல் பைட்டுகளை அப்படியே எடுத்து, புதிய இடத்தில் அவை யூ.ரி.எஃப்.-8 என்று சொல்லி இறக்கியதும் பனங்கட்டி பனங்கட்டியாகவே வந்தது. அந்தக் கணம் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடுத்தது நேரம். இரண்டு தளமும் உயிரோடு இருக்கும் வேளையில் ஒருவர் பழையதில் ஓடர் போட்டால், அது பழைய தரவுத்தளத்தில்தான் எழுதப்படும். புதியதற்கு வராது. ஆகவே கடைசிப் பிரதி எடுக்கும் முன்னர் பழைய தளத்தில் ஓடர் எடுப்பதை நிறுத்தி, ஒரு சிறிய அறிவிப்பை வைக்க வேண்டும். எந்த நேரத்தில்? நடுச்சாமத்தில் செய் என்று எல்லோரும் சொல்வார்கள். வன்னிக் கடைக்கு அது பிழையான அறிவுரை. கிளிநொச்சியில் நள்ளிரவு 12 மணி என்றால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் பிற்பகல் 2.30. ஊருக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் முழித்திருக்கும் நேரம் அது. எங்களுக்குப் பகல் 1 மணி என்றால் அங்கே அதிகாலை 3.30, லண்டனில் காலை 8.30. இந்தக் கடைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமே சரியான நேரம்.

தூரத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் அளவில் ஓடும். சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கொழும்பிலிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் சுமார் 14,000. ஒரு பாதுகாப்பான பக்கம் திறக்க வழக்கமாக மூன்று தடவையாவது போய்வர வேண்டும் என்பதால் முதலாவதுக்குச் செக்கனில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதுக்கு அரைச் செக்கனுக்குக் கிட்ட. வாங்குகிறவர்கள் கனடாவில் என்றால் கணக்கு மறுபக்கம் திரும்பும். பூட்டுக் குறி காட்டும் சான்றிதழைப் புதிய சேர்வரிலும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

கடைசியாக மின்னஞ்சல். தளத்தின் எண் ஒரு பதிவில் இருக்கும், மின்னஞ்சல் எங்கே போகவேண்டும் என்பது எம்.எக்ஸ். என்ற வேறொரு பதிவில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி நினைவு, தனித்தனி காலாவதி. அனுப்பும் சேர்வருக்கு மறுபக்கம் பதிலே வராவிட்டால் அது நாலைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும், கடிதம் தொலையாது. ஆனால் பழைய சேர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது கடிதத்தைச் சந்தோஷமாக வாங்கிப் பழைய பெட்டியில் போட்டுவிடும். அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்தது என்றே தோன்றும். அதோடு, பழைய நிறுவனத்தில் நம் கணக்கு இருக்கும்வரை, அதே சேர்வரில் இருக்கும் வேறு வாடிக்கையாளர் எழுதும் கடிதங்கள் வெளியே போகாமல் அங்கேயே பழைய பெட்டிக்குள் விழக்கூடும்.

நான் தளத்தைப் பார்த்தேன், தமிழைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன். பழைய மின்னஞ்சல் பெட்டியைப் பார்க்கவில்லை. பழைய கணக்கை மூடுவதற்காக இரண்டு கிழமை கழித்து உள்ளே போனபோதுதான் திறந்தேன். மாற்றிய அன்று சிட்னியிலிருந்து வந்த ஒரு கடிதம் அங்கே கிடந்தது. ஐந்து கிலோ பனங்கட்டி, பத்துக் கிலோ மொட்டைக்கறுப்பன், புதுக்குடியிருப்பில் அம்மா வீட்டுக்கு. அண்ணை வேறெதுவும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, சிட்னிக்குத் தானே போன் எடுத்தார்.