பழைய தேவாலயத்தில் படம் மாட்டுவதற்கு முன்

பழைய தேவாலயத்தில் கண்காட்சி வைக்கலாமா என்று கேட்டு வருகிற ஓவியர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கவலைதான்: படத்தைப் பார்த்து யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்களோ? நியாயமான கவலை. பிரான்ஸில் அஸ்ஸி தேவாலயத்துக்காக ஜெர்மேன் ரிஷியே செய்த சிலுவைச் சிற்பத்தை எதிர்ப்புக் கிளம்பியதும் 1951-இல் பீடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் அது திரும்பி வந்தது. ஆனால் ஓவியப் பாதுகாப்பு வேலையில் இருக்கிற நான் முதலில் விசாரிப்பது காற்றைப் பற்றி.

தடித்த கல் சுவர், உயர்ந்த கூரை, வாரம் முழுக்கக் காலி, ஞாயிறு காலை மட்டும் கூட்டம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை வெளியே விடுகிறார். 300 பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் கிட்டத்தட்ட 30 லிட்டர். குளிர்காலத்தில் ஹீட்டரும் சேர்ந்துகொள்ளும். வழிபாட்டுக்காக அவசரமாகச் சூடேற்றும்போது காற்று வறண்டு போகும். கூட்டம் கலைந்து ஹீட்டரை அணைத்ததும் அதே காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் வேர்க்கும்.

கேன்வாஸ் ஓவியத்துக்கு ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) 40 முதல் 60 சதவீதத்துக்குள் மெல்ல ஏறி இறங்கினால் பாதகமில்லை. ஒரே நாளில் அது தாவுவதுதான் வினை. துணி ஒரு வேகத்தில் தளரும், இறுகும். அதன்மேல் இருக்கும் காய்ந்த வண்ணத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. முதலில் மூலைகளில் மெல்லிய அலை தெரியும், அப்புறம் விரிசல். ஆனால் இடம் பார்க்க வருகிறவர்கள் வாரநாள் மதியத்தில் மீட்டரோடு வந்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். கூட்டம் இருக்கும் நாளில் அளக்க வேண்டும். முடிந்தால் சில வாரங்களுக்கு ஒரு டேட்டா லாகரை (ஈரப்பதத்தைத் தானாகவே தொடர்ந்து பதிவு செய்யும் சின்னக் கருவி) அங்கேயே விட்டுவையுங்கள். ஒரு திருவிழாவும் அதற்குள் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் பழைய சுவரோவியம் இருக்கலாம். இல்லாவிட்டாலும் அந்தப் பூச்சு ஆணியைத் தாங்கும் என்று நம்ப முடியாது. உப்புப் பூத்துப் பொரிந்திருக்கும் சுவருக்குப் பக்கத்தில் படமே வேண்டாம். தனியாக நிற்கும் தட்டிகளில் மாட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் படத்தின் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும். முன்னால் ஒன்றுமே தெரியாது, வாசனைதான் காட்டிக்கொடுக்கும். தட்டியின் கால்களுக்கு அடியில் பலகை போட்டு எடையைப் பரப்புவதும் முக்கியம், ஏனென்றால் தரையில் பல இடங்களில் கல்லறைக் கற்கள் பதித்திருப்பார்கள். இதையெல்லாம் இரண்டு பேர் நகர்த்தும்படி அமைக்க வேண்டும். இறந்தவருக்கான அடக்கத் திருப்பலி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது, உடனே இடம் ஒதுக்கித் தர வேண்டியிருக்கும்.

அக்ரிலிக் ஓவியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அக்ரிலிக் படலம் சாதாரண அறை வெப்பத்திலேயே கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். மெழுகுவர்த்திக் கரியும் தூபப் புகையும் அதன்மேல் உட்கார்ந்தால் உள்ளே பதிந்துவிடும்; துடைத்தால் மோசமாகும். வார்னிஷ் பூசாத படங்களைப் பீடத்திலிருந்தும் மெழுகுவர்த்தித் தாங்கியிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். அப்புறம், கூரையில் வௌவால் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், அதன் எச்சமும் சிறுநீரும் வண்ணத்தில் போட்ட கறையை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (படத்தின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), நீர்வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் 50. ஜன்னல் வழியே நேராக விழும் வெயில் இதைப் பல மடங்கு தாண்டும். வண்ணக் கண்ணாடி என்பதால் காப்பாற்றிவிடாது. வெயில் திட்டு தரையிலும் சுவரிலும் எப்படி நகர்கிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

அனுமதி விஷயத்தில் பங்குத்தந்தையின் வாய்ச்சொல் போதாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1210-ஆம் பிரிவின்படி, புனித இடத்தில் வழிபாட்டுக்கு உதவாத வேறு பயன்பாட்டை ஆயரைப் போன்ற அதிகாரமுள்ளவர்தான் அனுமதிக்கலாம், அதுவும் இடத்தின் புனிதத்துக்கு முரணாகாத வரைக்கும். எழுத்தில் வாங்குங்கள், காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் கேட்கும். வழி திறந்திருக்கிறது என்பதற்கு ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் புனித பேதுரு ஆலயமே சாட்சி. பழங்கால ஓவியர் ரூபன்ஸ் வரைந்த ‘பேதுருவின் சிலுவை மரணம்’ ஓவியம் இருக்கிற அதே கோவிலில், 1987 முதல் சமகாலக் கலைக்கும் இடம் கொடுத்து வருகிறார்கள்.

கண்காட்சி முடிந்து படங்களை இறக்கியதும் உடனே பிளாஸ்டிக்கில் சுற்றிவிடாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, வந்த நாளில் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டு, ஒரு வாரமாவது மற்ற படங்களிலிருந்து தனியாக, உலர்ந்த அறையில் வையுங்கள். பூஞ்சை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.