மலையில் டெண்டர் போடும் சிறு தொழில்முனைவோர் கவனத்திற்கு

குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியில் வரி ஆலோசகராக இருக்கும் நான், நகராட்சி, பேரூராட்சி டெண்டர்களில் பங்கேற்கும் சிறு தொழில்முனைவோருக்கு ஆவணங்களையும் தயார் செய்து கொடுத்து வருகிறேன். தெருவிளக்குப் பராமரிப்பு, குழாய்ப் பணி, தடுப்புச் சுவர் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர், வெளியூர்க்காரர்களுடன் விலையில் போட்டியிட முடியவில்லை என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தால், பலருக்கு விலை உறை திறக்கப்படவே இல்லை என்பது தெரிய வருகிறது. சான்றுகள் அடங்கிய தொழில்நுட்ப உறையை முதலில் திறந்து, அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு திறக்கும் இரு உறை முறையில், கேட்கப்பட்ட சான்று ஒன்று தொழில்நுட்ப உறையில் இல்லாமல் போனாலே, எவ்வளவு நல்ல விலை போட்டிருந்தாலும் அது கணக்கில் வராது.

அருவங்காட்டைச் சேர்ந்த மின்பணியாளர் ஒருவர், ஆடி மழையில் நனைந்தபடி, கடைசி நாளன்று பிற்பகல் ஒன்றரை மணிக்கு என்னிடம் வந்தார். மூன்று மணியுடன் நேரம் முடிகிறது. விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை அவர் தம் கடைப் பெயராக மாற்றி வைத்திருந்ததால் இணையதளம் அதை ஏற்கவில்லை. மீண்டும் பதிவிறக்கி நிரப்புவதற்குள் மின்சாரம் போய் வந்தது. எல்லாக் கோப்புகளும் ஏறிவிட்டன என்று நிம்மதியடைந்த நேரத்தில், கடைசியாக அழுத்த வேண்டிய ‘ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்’ பொத்தானுக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்தப் பொத்தானை அழுத்தி ஒப்புகைச் சீட்டு கையில் வந்தால்தான் விண்ணப்பம் சேர்ந்ததாகப் பொருள். "அண்ணா, எல்லாம் ஏத்தியாச்சே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே சமர்ப்பிப்பதை என் அலுவலகத்தில் விதியாக வைத்திருக்கிறேன்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதன் கீழான 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குப் டெண்டர் சமர்ப்பிக்கப் பொதுவாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். அந்த 15 நாளுக்குள் இணையவழி டெண்டருக்குத் தேவையான மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வாங்குவது, ஒப்பந்ததாரர் பதிவைப் புதுப்பிப்பது, சொத்து மதிப்புச் சான்று பெறுவது ஆகிய எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று எண்ணுவது வீண். இவை அறிவிப்பு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவும் அப்படித்தான். அது முற்றிலும் இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறு, சிறு நிறுவனங்களிடம் 25 சதவீதம் கொள்முதல் செய்ய வேண்டும் என்ற 2012-ஆம் ஆண்டு ஆணை மத்திய அமைச்சகங்களுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உரியது. அதைக் காட்டி நகராட்சியில் உரிமை கேட்க முடியாது. டெண்டருடன் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையில் (இஎம்டி) விலக்கு உண்டா என்பதை அந்தந்த டெண்டர் ஆவணத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆவணம் சரியானபின் விலையில் தவறு செய்கிறவர்கள் உண்டு. டெண்டரை இழந்தவரைவிட, தவறான விலையில் அதை எடுத்தவர் படும் துன்பம் பெரிது என்பது என் அனுபவம். சமவெளியில் பணி செய்து பழகியவர் மதிப்பீட்டுத் தொகையைவிட 18 சதவீதம் குறைத்து, அதாவது ‘லெஸ்’ போடுவதைப் பார்த்து நம்மவரும் போடுகிறார். ஜல்லியும் எம்-சாண்டும் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வர வேண்டும்; பெரிய லாரி போகாத தெருவில் சிறு வண்டிக்கு மாற்றி, அதன்பின் படிக்கட்டில் தலைச்சுமையாக இறக்க வேண்டும். மண் அள்ளும் இயந்திரத்தை இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. தென்மேற்குப் பருவமழையும் அடுத்து வடகிழக்குப் பருவமழையும் வந்தால் கான்கிரீட் போடக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. கோடை சீசனில் போக்குவரத்து நெரிசலால் லோடு வருவது தாமதமாகும். ஆகவே எஸ்டிமேட்டை மட்டும் பார்த்து விலை எழுதாமல், டேப்புடன் பணியிடத்துக்குச் சென்று, லாரி நிற்கும் இடத்திலிருந்து சுவர் எழும்பும் இடம்வரை எத்தனை படி என்று எண்ணிவிட்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பில் தொகையிலிருந்து அலுவலகம் பிடித்துக்கொள்ளும் பிடித்தங்களையும் விலையிலேயே கணக்கிட வேண்டும். தனிநபர் ஒருவர் ஜிஎஸ்டி நீங்கலாக 5 லட்சம் ரூபாய்க்குக் கட்டுமானப் பணி எடுத்தால், ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம், வருமான வரி 1 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம் என 20,000 ரூபாய் போக மீதிதான் கைக்கு வரும். பிணைத்தொகை இதில் சேராது. இவற்றில் ஜிஎஸ்டி பிடித்தத்தை இணையதளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் வரி கட்டப் பயன்படும் உங்கள் ஜிஎஸ்டி ரொக்கப் பேரேட்டில் வரவாகும். அதைச் செய்யாமல் விட்டவர்களின் கணக்குகளை அடிக்கடி பார்க்கிறேன்.

பணம் தாமதமானால் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 துணை நிற்கிறது. பொருளோ சேவையோ வழங்கிய குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. கட்டுமான ஒப்பந்தங்களில் இச்சட்டம் பொருந்துமா என்பதில் வழக்குகள் நடந்திருப்பதால், கட்டுமானப் பணி எடுப்பவர்கள் தனியே சட்ட ஆலோசனை பெறுவது நல்லது. கோத்தகிரியில் துணிப்பை தைக்கும் அக்கா ஒருவர், ஒவ்வொரு முறை பைகளை ஒப்படைக்கும்போதும் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் தேதியையும் சலானின் இரண்டு பிரதிகளிலும் வாங்கி, ஒன்றைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். நிலுவைக்காக நாங்கள் மனு எழுத உட்கார்ந்த அன்று, 45 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்ற கேள்விக்கு அந்த டப்பாவிலேயே பதில் இருந்தது.